பழத்தையும் பாலையும் ஏன் குளிர்பானத்தோடு சேர்த்து எண்ணினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் 'மறைந்திருக்கும் சர்க்கரை' என்ற தலைப்பில் ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தாமதமாக எழுதுகிறேன், தெரியும். ஆனால் அந்த அட்டவணை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் பால் எடுக்கப் போகும்போது கண்ணில் படுகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு டம்ளர் பால், 3 ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஆப்பிள், 5 ஸ்பூன். ஒரு டின் குளிர்பானம், 9 ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி வைத்த படம். பார்த்தவுடன் என்ன தோன்றும்? பாலும் ஆப்பிளும் குளிர்பானத்தின் தம்பி தங்கைகள், அளவில்தான் கொஞ்சம் சின்னது, மற்றபடி ஒரே குடும்பம் என்றுதான் தோன்றும். அப்பாவுக்கு அப்படித்தான் தோன்றியது. அதை வெட்டி ஃபிரிட்ஜில் மாட்டியவர் அவர்தான். அவருக்குப் பல வருடங்களாகச் சுகர் இருக்கிறது, சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கவனமானவர், படித்ததை அப்படியே கடைப்பிடிப்பவர். மறுநாளிலிருந்து காலை ஆப்பிள் நின்றது, இரவுப் பால் நின்றது. சரி, அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆப்பிளின் இடத்தில் ஒரு ஜூஸ் பெட்டி வந்து உட்கார்ந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று இருந்தது, உங்கள் அட்டவணையில் ஜூஸ் இல்லவே இல்லை, அதனால் அது பத்திரமானது என்று முடிவு செய்துவிட்டார்.

நான் இதைக் கவனிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளில் வீட்டுக் கருவியில் அவர் எடுத்த அளவுகள் ஏறியிருந்தன. எண்களை இங்கே எழுதப் போவதில்லை, ஒருவருடைய விரலில் எடுத்த ரத்தத்தை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்வது தப்பு. ஆனால் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன், டாக்டரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் எண்கள் தப்பில்லை. 240 மில்லி பாலில் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. 180 கிராம் எடையுள்ள ஒரு ஆப்பிளில் 19 கிராம் வரை இருக்கிறது. ஒரு ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வகுத்தால் நீங்கள் போட்ட கணக்குதான் வரும். தப்பு எங்கே என்றால், அந்த மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி, ஒரே மாதிரி வெள்ளைக் கட்டிகளை வரைந்து, எல்லாமே ஒன்று என்று சொல்லாமல் சொன்னதில் இருக்கிறது. பாலில் வெள்ளைச் சர்க்கரையே கிடையாது. ஒரு கட்டிகூடக் கிடையாது. பாலில் இருப்பது லாக்டோஸ், அதாவது குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்த ஒரு சர்க்கரை. பழத்தில் இருப்பது ஃபிரக்டோஸ், குளுக்கோஸ், சுக்ரோஸ் மூன்றும் கலந்தது, பழத்துக்குப் பழம் விகிதம் மாறும். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் ஃபிரக்டோஸின் கை ஓங்கியிருக்கும், திராட்சையில் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் ஏறக்குறைய சரிபாதி. நாம் டப்பாவில் வைத்திருக்கும் வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ் மட்டும்தான்.

பெயர்தானே வேறு, உடம்புக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு கிராம் சர்க்கரை எதுவாக இருந்தாலும் சுமார் 4 கலோரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் உடம்புக்குள் போகிற வழியும் வேகமும் கூட்டாளிகளும் வேறு வேறு, உடம்பு பார்ப்பது இவற்றையும்தான்.

நாக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் இருக்கும் சர்க்கரையும் 100 மில்லி பாலில் இருக்கும் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டிலும் 5 கிராமை ஒட்டித்தான். ஆனால் ஸ்ட்ராபெர்ரி வாயில் போட்டால் பழத்தின் இனிப்பு தெரிகிறது, பாலை யாரும் இனிப்பு என்று சொல்வதில்லை, சர்க்கரை போட்டால்தான் இனிக்கிறது என்கிறோம். காரணம் லாக்டோஸ். வெள்ளைச் சர்க்கரையின் இனிப்பில் பாதி அளவுக்குக்கூட அது தேறாது. ஃபிரக்டோஸ் அதற்கு நேர்மாறு, வெள்ளைச் சர்க்கரையையும் மிஞ்சும் இனிப்பு. அதனால் 'இனிப்பாக இருக்கிறது, அதனால் கெடுதல்', 'இனிப்பு தெரியவில்லை, அதனால் சர்க்கரை இல்லை' என்ற இரண்டு கணக்குமே உதவாது.

இதே குழப்பம் லாக்டோஸ் நீக்கிய பாலிலும் வருகிறது. எங்கள் வீட்டில் அத்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, அவருக்காக ஒரு பாக்கெட் வாங்கினோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள், எனக்கு வேண்டாம்" என்று டம்ளரை நகர்த்திவிட்டார். போடவில்லை. அந்தப் பாலில் லாக்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து, லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்துவிடுகிறார்கள். பிரிந்த இரண்டும் லாக்டோஸைவிட இனிப்பு கூடியவை. சேர்த்த கைகளைப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான், மொத்தச் சர்க்கரை ஏறவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தை அத்தைக்குக் காட்டினேன், சாதாரணப் பாலில் இருந்த அதே எண்தான் அதிலும் இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலைப் பற்றியும் இப்படி ஒரு வதந்தி உண்டு, கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையைக் கலக்கிறார்கள் என்று. வெறும் பாலில் அப்படி எதுவும் இல்லை, இரண்டிலும் டம்ளருக்கு 12 கிராம்தான்.

இப்போது பழத்துக்கு வருகிறேன், அப்பாவின் ஜூஸ் பெட்டி விவகாரமும் அங்கேதான் இருக்கிறது.

பழத்தில் சர்க்கரை தனியாக மிதந்துகொண்டு இருப்பதில்லை. பழம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்கள், அந்தச் செல்லுக்குள் தண்ணீரோடு சர்க்கரை, வெளியே நார்ச்சத்தால் ஆன சுவர். நாம் கடித்து மென்று விழுங்கும்போது கொஞ்சம் சுவர் உடைகிறது, மீதி உடையாமல் வயிற்றுக்குள் போகிறது, அங்கே மெல்ல மெல்லத்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அப்பாவுக்கு இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஒரு நாள் காலையில் மேஜையில் ஆரஞ்சுப் பழங்களை வைத்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்து உரித்துச் சாப்பிடச் சொன்னேன். மற்றவற்றை நான் பிழிந்தேன். ஒரு டம்ளர் நிரம்ப நான்கு பழம் வேண்டியிருந்தது. அவர் தோலை உரித்து, வெள்ளை நாரை எடுத்து, சுளையைப் பிரித்து, கொட்டையைத் துப்பி, ஒரு பழத்தை முடிப்பதற்குள் நான் நான்கையும் பிழிந்து முடித்துவிட்டேன். அப்புறம் அந்த டம்ளரை அவர் பக்கம் தள்ளி, "இன்னும் நான்கு பழம் உரித்துத் தரட்டுமா, சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். "ஏம்மா, இது வயிறா வேறு ஏதாவதா, ஒன்றே போதும்" என்றார். "இதைக் குடிப்பீர்களா?" என்றதும் குடிக்கலாமே என்று கையை நீட்டினார். வடிகட்டியில் நின்றுபோன சக்கையை அவருக்குக் காட்டினேன். கைநிறைய இருந்தது, ஈரமாக, நாராக. பழத்திலிருந்து நாம் கழற்றி எறிந்தது அதுதான். ஒரு ஆரஞ்சில் 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, ஒரு டம்ளர் ஜூஸில் அரை கிராம்கூடத் தேறுவது கஷ்டம், சர்க்கரையோ 20 கிராமைத் தாண்டிவிடுகிறது.

இது என் வீட்டு மேஜை விளையாட்டு மட்டும் இல்லை. 1977-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஹேபர் என்பவரும் உடன் மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே அளவு கார்போஹைட்ரேட் வரும்படி முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் ஜூஸ் என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைச் சாப்பிட எடுத்த நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் ஜூஸ் காலியாகிவிட்டது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்குத்தான் அதிகம், ஜூஸுக்குத்தான் மிகக் குறைவு. ஜூஸ் குடித்த பிறகும் மசித்த பழம் சாப்பிட்ட பிறகும் இன்சுலின் முழுப் பழத்துக்கு ஏறியதைவிட அதிகமாக ஏறியது. அதே ஆப்பிள், அதே சர்க்கரை. 2013-ல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் பெரியது, 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. ப்ளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் போன்ற முழுப் பழங்களை அதிகம் சாப்பிட்டவர்களிடம் டைப் 2 சர்க்கரை நோய் குறைவாகவும், பழ ஜூஸ் அதிகம் குடித்தவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை முழுசாக நிரூபிக்காது, பழம் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்தாலும், பழத்தையும் ஜூஸையும் ஒரே பெயரில் அழைக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இது போதும்.

உலக சுகாதார நிறுவனமும் இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 2015-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதலைப் பலரும் 'சர்க்கரையைக் குறையுங்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது குறைக்கச் சொன்னது எல்லாச் சர்க்கரையையும் அல்ல, 'ஃப்ரீ சுகர்ஸ்' என்ற வகையை. தயவுசெய்து இதை 'சுகர் ஃப்ரீ' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் குழப்பினார்கள். ஃப்ரீ சுகர்ஸ் என்றால் தன் கூட்டிலிருந்து விடுபட்டு அவிழ்ந்து கிடக்கும் சர்க்கரை. தொழிற்சாலையில் சேர்த்தது, சமைப்பவர் சேர்த்தது, நாம் கலந்து குடிப்பது, அப்புறம் தேன், பாகு, பழ ஜூஸ், ஜூஸைச் சுண்டக் காய்ச்சிய அடர்கரைசல், இவற்றில் இயற்கையாகவே இருப்பதும் இதில் சேர்த்தி. முழுப் பழத்திலும் காய்கறியிலும் இருக்கும் சர்க்கரையும் பாலில் இருக்கும் லாக்டோஸும் இதில் இல்லை. அவற்றால் கெடுதல் என்பதற்கு ஆதாரம் காணப்படவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஒரு நாள் சாப்பாட்டின் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே ஃப்ரீ சுகர்ஸ் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், ஏறக்குறைய 12 ஸ்பூன். 5 சதவீதம் என்றால் 25 கிராம், 6 ஸ்பூன்.

உங்கள் அட்டவணையை இந்தக் கணக்கில் மறுபடி போட்டுப் பாருங்கள். பால், பூஜ்ஜியம். ஆப்பிள், பூஜ்ஜியம். குளிர்பானம், 9 ஸ்பூன், அப்படியே முழுசாக. அப்பா வாங்கிய 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' ஜூஸ், ஒரு டம்ளருக்கு 6 ஸ்பூன், ஏனென்றால் அந்த டம்ளர் ஆப்பிள் ஜூஸில் 24 கிராம் இருந்தது. பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை, யாரும் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. ஆனால் ஆப்பிளின் சுவரை உடைத்து உள்ளே இருந்ததை வெளியே கொட்டி வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் கெட்டவராக நின்ற ஆப்பிளை விட்டுவிட்டு, அட்டவணையிலேயே இல்லாத இந்த 6 ஸ்பூனுக்கு அப்பா மாறினார். வெறும் எண்ணை மட்டும் பார்க்கப் பழக்கினால் இதுதான் நடக்கும், அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அப்படியானால் பாலும் திரவம்தானே, அதுவும் கடகடவென்று இறங்குகிறதே, அதற்கு மட்டும் ஏன் விலக்கு என்று யாராவது கேட்பார்கள். நானும் கேட்டேன். பாலில் நார்ச்சத்து துளிகூட இல்லை, அது உண்மை. ஆனால் அதற்கு வேறு காவல் இருக்கிறது. டம்ளருக்குச் சுமார் 8 கிராம் புரதம், அதில் பெரும்பங்கு கேசீன். வயிற்று அமிலம் பட்டதும் கேசீன் திரிந்து கட்டியாகிவிடும், திரவமாகப் போனது அங்கே பாதித் திடமாகிவிடுகிறது, அதனால் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகர்கிறது. கொழுப்பு இருந்தால் இன்னும் மெதுவாக. அதற்கப்புறம் லாக்டோஸை அப்படியே உறிஞ்ச முடியாது, சிறுகுடலில் லாக்டேஸ் அதை வெட்டினால்தான் உள்ளே போகும். வெட்டியதில் பாதிதான் குளுக்கோஸ். மீதிப் பாதி, காலக்டோஸ், கல்லீரலுக்குப் போய் அங்கே மாற்றப்பட்ட பிறகுதான் ரத்தச் சர்க்கரைக் கணக்கில் வருகிறது. பழத்தின் ஃபிரக்டோஸும் இப்படித்தான் பெரும்பாலும் கல்லீரல் வழியாகப் போகிறது. ஆக, பழம் நாரைக் காவல் வைத்தது, பால் புரதத்தைக் காவல் வைத்தது.

டேவிட் ஜென்கின்ஸ் என்ற டொரன்டோ ஆய்வாளர் 1981-ல் கொண்டுவந்த கிளைசெமிக் இன்டெக்ஸ் என்ற அளவிலும் இது தெரிகிறது. சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து உணவுக்கு எண் கொடுப்பது அது, சுத்தக் குளுக்கோஸ் 100, 55-க்குக் கீழே வந்தால் குறைவு. பாலும் ஆப்பிளும் 40-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கின்றன. ஆனால் அந்த எண்ணையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பழங்களை விரட்டக் கூடாது. தர்பூசணிக்கு எண் அதிகம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சோதனைக்கு 50 கிராம் கார்போஹைட்ரேட் வரும் அளவுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு தர்பூசணி 600 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும், 100 கிராமில் இருப்பதே 6 கிராம் சர்க்கரைதான். ஒரு துண்டு சாப்பிடுகிறவரை அந்தப் பெரிய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது சரியில்லை. பாலிலும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ரத்தச் சர்க்கரை ஏறுவதோடு ஒப்பிட்டால் பாலுக்கு இன்சுலின் அதிகமாகவே சுரக்கிறது, அதன் புரதம் செய்யும் வேலை அது.

பழமா பாலா, எதன் சர்க்கரை நல்லது என்று கேட்டு ஒரு பதிலை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. பால் தருவது கால்சியம், டம்ளருக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம், கூடவே நல்ல புரதம், பி12. ஆப்பிளில் இவை இல்லவே இல்லை என்று சொல்லலாம். பழம் தருவது நார்ச்சத்து, வைட்டமின் சி, பொட்டாசியம், மென்று தின்னும் வேலை. பாலில் நாரும் இல்லை, மெல்லும் வேலையும் இல்லை, வைட்டமின் சி பெயருக்குத்தான். அப்பா இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியபோது விட்டது 8 ஸ்பூன் சர்க்கரையை மட்டும் அல்ல, இவை எல்லாவற்றையும்தான்.

இதற்காக நான் பழமும் பாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்ல வரவில்லை. சுகர் உள்ளவர் இரண்டையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 12 கிராம் கார்போஹைட்ரேட், ஒரு ஆப்பிளில் நாரையும் சேர்த்து 25 கிராம் வரை, இன்சுலின் போடுபவர் இதைக் கழித்துவிட முடியாது. வாழைப்பழம் கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், காயாக இருக்கும்போது இருந்தது ஒன்று, தோலில் கறுப்புப் புள்ளி விழும்போது இருப்பது வேறு. அப்புறம் உலர்பழம், இதில்தான் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 100 கிராம் திராட்சையில் 16 கிராம் சர்க்கரை, அதையே உலர்த்திய 100 கிராமில் 60-ஐத் தாண்டும். நார் போகவில்லை, தண்ணீர்தான் போயிற்று, ஆனால் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்ததே அந்தத் தண்ணீர்தான். இருபது திராட்சை தின்றால் போதும் என்று தோன்றும், இருபது உலர்திராட்சை உள்ளங்கையில் பாதிகூட வராது.

பால் குடிக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். உலகத்தில் பெரியவர்களாக வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குழந்தைப் பருவத்தைவிடக் குறைந்துவிடுகிறது, வயிறு உப்புவதும் கடமுடா என்று சத்தம் போடுவதும் அதனால்தான். அதிலும் பெரும்பாலானவர்கள் ஒரு டம்ளர் அளவை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால், தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் அது இன்னும் எளிது, நாள்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது. பிறவியிலேயே காலக்டோஸை மாற்ற முடியாத குழந்தைகள், ஃபிரக்டோஸைத் தாங்காதவர்கள் என்று அரிதாகச் சிலர் உண்டு, அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் சட்டம், இந்தக் கடிதம் அல்ல.

லேபிளைப் பற்றி ஒன்று. 'மொத்தச் சர்க்கரை' என்ற வரி ஒன்றும் சொல்லாது, அதில் பால் கொண்டுவந்ததும் இருக்கிறது, தொழிற்சாலை கொட்டியதும் இருக்கிறது. அமெரிக்காவில் 2016-ல் விதியை மாற்றி, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனி வரி போட வைத்தார்கள். அந்த வரி இல்லாத பாக்கெட் கைக்கு வந்தால் பால் பொருட்களில் ஒரு கழித்தல் கணக்கு போதும். வெறும் தயிரிலும் பாலிலும் 100 கிராமுக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் கீழே சர்க்கரை இருக்கும். பழச்சுவை போட்ட தயிர்க் கப் ஒன்றில் 100 கிராமுக்கு 13 என்று இருந்தால், 5 போக மீதி 8 வெளியிலிருந்து வந்தது. அந்தக் கப் 150 கிராம் என்றால் 12 கிராம், அதாவது 3 ஸ்பூன். சாக்லேட் பால் ஒரு டம்ளரில் 24 இருந்தால் பாதி பாலுடையது, பாதி போட்டது. இந்தக் கணக்கை என் பத்து வயது மகள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே போட்டாள், தயிர்க் கப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "இது பால் மாதிரி இல்லை" என்றாள்.

குழந்தைகள் என்றதும் இதையும் சேர்த்துவிடுகிறேன், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் ஒரு வயது முடியும் வரை பழ ஜூஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, ஒன்று முதல் மூன்று வயது வரை அதிகபட்சம் 120 மில்லி. பழத்தையே கொடுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்வதும். ஆனால் உங்கள் அட்டவணையைப் பார்த்த ஒரு தாய் பாலையும் பழத்தையும் குறைத்துவிட்டு, ஜூஸ் நல்லதுதானே என்று புட்டியில் ஊற்றிக்கொடுத்தால் யார் பொறுப்பு? அப்பா பெரியவர், தப்பு செய்தால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். குழந்தைக்கு யார் சொல்வது?

எனக்கு உங்களிடம் கேட்க இருப்பது இதுதான். அந்த அட்டவணையைத் திருத்தி மறுபடி போடுங்கள். மொத்தச் சர்க்கரை என்று ஒரு பத்தி இருக்கட்டும், பக்கத்தில் ஃப்ரீ சுகர்ஸ் எவ்வளவு என்று ஒரு பத்தி, அதற்குப் பக்கத்தில் நார்ச்சத்தும் புரதமும். பழ ஜூஸையும் தேனையும் சுவையூட்டிய தயிரையும் கட்டாயம் சேருங்கள், அவற்றை விட்டதுதான் பெரிய ஓட்டை. தயவுசெய்து பாலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கட்டிகளை வரையாதீர்கள். முதலில் வந்த அதே அளவில், அதே பக்கத்தில் போடுங்கள், மூலையில் இரண்டு வரித் திருத்தமாக வேண்டாம். பழையதைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டவர்கள் அந்த இரண்டு வரியைப் பார்க்க மாட்டார்கள்.

அப்பா இப்போது பாதி ஆப்பிளும் இரவில் அரை டம்ளர் பாலும் எடுக்கிறார், டாக்டர் சொன்ன அளவு அது. ஜூஸ் பெட்டி போய்விட்டது. உங்கள் பழைய அட்டவணையை எடுத்துவிடலாமா என்று நேற்றுக் கேட்டேன். புதியது வரட்டும், அதே காந்தத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி